கீழே கொட்டிய காய்

போடியில் ஏலக்காய் வாங்க வருகிறவனுக்கு முதலில் பழக வேண்டியது முகம். காயெல்லாம் அப்புறம்தான். ஏலக் கூடத்தில் ஒவ்வொரு லாட் சரக்குக்கும் ஒரு சாம்பிள் பொட்டலம் கைக்கு வரும். தட்டில் கொட்டி, விரலால் அளைந்து, ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தரையில் கொட்டிவிடுவோம். காய் பிடித்துவிட்டால் முகத்தைச் சுளிக்க வேண்டும். "என்னத்தக் காய வச்சிருக்காய்ங்க" என்று பக்கத்து நாற்காலிக்குக் கேட்கிற மாதிரி வைதுகொண்டே கொட்ட வேண்டும். அப்போதுதான் அடுத்தவன் போட்டிக்கு வரமாட்டான். கம்ப்யூட்டரில் பட்டன் அழுத்தி ஏலம் கேட்கிற இந்தக் காலத்திலும் அந்தச் சுளிப்பு மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. பதினாறு வருடமாக எனக்குச் சோறு போடுவது அதுதான்.

எட்டு வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் ராசிங்காபுரத்துக்காரன். இருவருக்கும் ஒரே முதலாளி. நான் மூத்தவன், அவன் எனக்குக் கீழே. ஒருநாள் டீக்கடையில் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணே, வேலைய விட்டுட்டு வெளிநாட்டுல படிக்கலாம்னு அப்ளிகேசன் போட்டிருக்கேன். பப்ளிக் பாலிசி. வேல பாத்த எடத்துலருந்து ஒருத்தர் லெட்டர் குடுக்கணுமாம். ஒங்க மெயிலுக்கு லிங்க்கு வரும்ணே."

"அது என்ன படிப்புப்பா?"

"அரசாங்கம் திட்டம் போடுதுல்லண்ணே, அது யாருக்குப் போய்ச் சேருது, யாருக்குச் சேரல, ஏன் சேரலன்னு படிக்கிறது."

எனக்கே விளக்குகிறான். என் மகள் பிறப்பதற்கு முந்தைய வருடம் அதே படிப்புக்கு நானும் விண்ணப்பம் தயாரித்தவன். கட்டுரைகூட எழுதி முடித்தேன். அனுப்பவில்லை. கல்யாணம், சீசன், அப்பாவின் சர்க்கரை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் பயம். இது என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

அவன் தன் கட்டுரையைப் போனில் காட்டினான். அவன் அம்மா விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். ஒரு மழைநாளில் சரிவில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். உதவி கேட்டுப் போனால், மேலே உள்ள ஆபீசில் "ரேஷன் கார்டு எந்த ஊர்?" என்றார்கள். கீழே உள்ள ஆபீசில் "வேலை எந்த ஊரில்?" என்றார்கள். அங்கே தொடங்கியிருந்தான். என்னுடைய கட்டுரை 'வளரும் நாடுகளின் சவால்கள்' என்று தொடங்கியது. படித்து முடித்தபோது எனக்கு வந்தது பொறாமைதான். வேறு பெயர் வைத்து அதைக் கௌரவப்படுத்த எனக்கு இஷ்டமில்லை.

லிங்க் வந்தது. கடைசி நாள்வரை தொடவில்லை. பிறகு உட்கார்ந்து எழுதினேன். மோசமாக எழுத எவ்வளவு தேடியும் அவனிடம் ஒரு குறை அகப்படவில்லை. ஆகவே ஒழுங்காகவே எழுதினேன். பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி இருந்தது. உங்களுடன் வேலை செய்தவர்களில் இவரை எங்கே வைப்பீர்கள்? மிகச் சிறந்தவர், மிக நல்லவர், நல்லவர், சராசரி. நான்கு கட்டம். அவன் முதல் கட்டத்துக்காரன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாவதில் டிக் போட்டு அனுப்பிவிட்டேன். அனுப்பியதும் இனி திருத்த முடியாது என்று திரையில் வந்தது. சல்லடையில் நின்ற பெரிய காயைச் சின்னக் காய் மூட்டையில் என் வாழ்நாளில் நான் போட்டதில்லை. அன்று போட்டேன்.

அதோடு விட்டேனா? இரண்டு மாதம் கடைத்தெரு முழுக்க அதே பேச்சுதான். "இந்த வயசுல என்ன படிப்பு? ஒண்ணுக்கும் ஆகாத படிப்பு அது. போன வேகத்துல திரும்பி வருவான் பாருங்க" என்று கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சொன்னேன். முதலாளியிடமும் சொன்னேன்.

இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகையோடு. ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான். என் கையில் சாம்பிள் தட்டு இருந்தது.

"அதெல்லாம் வர்றவனையெல்லாம் சேத்துக்கிற காலேஜா இருக்கும். பாத்துப் போ" என்று முகத்தைச் சுளித்தபடி தட்டைத் தரையில் கொட்டினேன்.

அவன் சிரித்தான்.

"அண்ணே, நீங்க கடத்தெருவுல பேசுனதெல்லாம் என் காதுக்கு வந்துச்சு. மொதல்ல கோவந்தான். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். எட்டு வருசமா பக்கத்துல உக்காந்திருக்கேன். மட்டமான காய நீங்க ஒரு தடவகூட வஞ்சதில்ல. பேசாம ஒதுக்கிருவீங்க. பிடிச்ச காயத்தான் வாய் வலிக்க வைவீங்க. லெட்டர்லயும் என்னைய ஒசத்தித்தான் எழுதியிருப்பீங்க, எனக்குத் தெரியாதா?"

நான் திரையைப் பார்த்தேன். எண்கள் ஓடின. ஒன்றும் புரியவில்லை.

"என்னைய மட்டுமாண்ணே வஞ்சீங்க? அந்தப் படிப்பையுந்தான் ரெண்டு மாசமா வைறீங்க."

பதினாறு வருடத்தில் முதல்முறையாக என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. கீழே கொட்டிய காய் அருமையான பச்சை. அந்த லாட் அதற்குள் யாருக்கோ போய்விட்டது.

அவன் எழுந்துகொண்டான். போகுமுன் குனிந்து, அடுத்தவருக்குக் கேட்காமல் சொன்னான்.

"அடுத்த வருசமும் அப்ளிகேசன் தொறக்கும்ணே. நீங்க போடுங்க. எட்டு வருசம் கூட வேல பாத்தவன், லெட்டரு நான் தர்றேன்."

அதன் அடியிலும் நான்கு கட்டம் இருக்கும். எனக்கு எதில் டிக் போடுவான் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.