மேஸ்திரி தப்பு

அலெக்சாந்திரியாவில் பேனா வைத்திருக்கிற எவனும் இன்ஜினியர்தான். கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவன், செல்போன் ரிப்பேர் செய்கிறவன், குழாய்க்கு வாஷர் போடுகிறவன், எல்லாரையும் ‘இன்ஜினியரே’ என்றுதான் கூப்பிடுவோம். அப்படிக் கூப்பிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஒரு நம்பிக்கை. நான் ஒரு இன்ஜினியரிங் கல்லூரிக்குள் பத்தொன்பது வருஷமாக டீக்கடை நடத்துகிறவன். ஆறாம் வகுப்பைத் தாண்டாத என்னையே இரண்டு பேர் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

கூப்பிட்டால் சண்டைக்கு வந்த ஒரே ஆள் மித்வல்லி.

“இன்னும் இல்ல. ஆனப்புறம் கூப்பிடு” என்பான்.

மித்வல்லி டைல்ஸ் மேஸ்திரி. கர்மூஸ் பேட்டைக்காரன். குட்டை உருவம், முழங்காலில் காய்ப்பு, பேச்சில் சிமெண்டுத் தூள். முதலில் அவன் இங்கே வந்தது படிக்க அல்ல, என் கடைப் படியைக் கட்ட. எங்கள் ஊர்க் குளிர்கால மழைகளுக்குத் தனித்தனிப் பேர் உண்டு. நவம்பரில் வருவதற்கு விளக்குமாறு என்று பேர். அந்த வருஷம் விளக்குமாறு என் சர்க்கரை மூட்டைவரை பெருக்கிவிட்டுப் போனது. மித்வல்லியைக் கூட்டிவந்து படியை உயர்த்தச் சொன்னேன். பழைய கல்லின்மேல் கலவை போட்டு, அதன்மேல் புதுப் பளிங்கு வைத்தான். பழைய படியில் கல்லூரிக்காரர்கள் பதித்த ஒரு பித்தளைக் குமிழ் இருந்தது. அதைத் தட்டி எடுத்து, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து, புதுப் பளிங்கின் நட்டநடுவில் பதித்தான். முன்னைவிட லட்சணமாக இருந்தது.

அதற்கு அடுத்த வருஷம் சீதி பிஷ்ர் பகுதியில் ஒரு வீட்டு வேலை. புதிதாகப் படித்து வந்த இன்ஜினியர் ஒருவன், குளியலறைத் தரைக்கு வாட்டத்தைப் படுக்கையறைப் பக்கமாகக் கொடுக்கச் சொன்னான்.

“தண்ணி படுக்கற ரூமுக்குப் போகும் தம்பி.”

“வரைபடத்துல அப்படித்தான் இருக்கு. நீ போடு.”

போட்டான். வீட்டுக்காரர் முதல் நாள் குளித்தார். படுக்கையறையில் அவர் மனைவியின் செருப்பு மிதந்தது. இன்ஜினியர் ஒரு தாள் எடுத்து, ‘காரணம்: மேஸ்திரி தப்பு’ என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டான். மித்வல்லியும் ஒரு தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்காரர் அதில் பூசணி விதை மடித்துத் தின்றார்.

“அவன் எழுதினது கூட பரவாயில்ல பரகாத்து. என் கையெழுத்துல விதை மடிச்சுட்டான் பாரு” என்றான் என்னிடம். தொழிற்பள்ளி டிப்ளமா ஒன்று பெட்டியடியில் கிடந்தது. தகுதித் தேர்வு எழுதி, முப்பத்தாறு வயதில் எங்கள் கல்லூரியிலேயே சிவில் இன்ஜினியரிங் படிக்கச் சேர்ந்துவிட்டான். காலையில் வகுப்பு, மாலையில் டைல்ஸ். கணக்குப் பாடத்தில் தள்ளாடினான், கான்கிரீட்டில் முதலாவதாக வந்தான். அவன் பெண்டாட்டி, “மத்தவ புருஷனெல்லாம் சீட்டாடறான், இது நோட்டைப் பிடிச்சுட்டு அழுவுது” என்று என் கடைக்கே வந்து புலம்பினாள்.

அவன் விழுந்த இடம் நில அளவை.

செய்முறைத் தேர்வு இதுதான். என் படியில் இருக்கும் குமிழுக்கும் நூலகச் சுவரில் அதைவிட உயரத்தில் இருக்கும் இன்னொரு குமிழுக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்று முக்காலிக் கருவி வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அரை சென்டிமீட்டர் பிசகலாம், அதற்குமேல் போனால் தோல்வி. மூன்று தடவை தோற்றால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

மற்ற பையன்களும் பெண்களும் கருவியைத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டு என் கடையில் வந்து உட்காருவார்கள். பழைய நோட்டு கைமாறும். அதில் விடை இருக்கும்: நூற்றி முப்பத்தெட்டு சென்டிமீட்டர். விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதான அளவுகளைப் பின்னாலிருந்து போட்டுக்கொண்டு வருவார்கள். இதற்கு அவர்கள் வைத்த பேர் சமையல். என் அடுப்பில் வெந்த அவரையைவிட என் மேசையில் வெந்த கணக்குத்தான் அதிகம்.

மித்வல்லிக்குச் சமைக்க வராது. “டைல்ஸ்ல சமைச்சா கீழ்வீட்டுக்காரன் குடை பிடிச்சுட்டு வருவான்யா” என்பான். தனியாகக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் அளந்தான். அளவுகட்டையைக் குமிழ்மேல் வைக்கும்போதெல்லாம், “என் கையால வெச்ச குமிழ் இது, தெரியுமா?” என்று போகிறவர் வருகிறவரிடம் பெருமை வேறு. டாக்டர் வக்தியிடமே சொன்னான். அவர்தான் பேராசிரியர்; பெரிய உடம்பு, சோம்புக் கஷாயம் மட்டும் குடிப்பவர். “ரொம்ப சந்தோஷம் மேஸ்திரி” என்றார்.

விடை நூற்றி முப்பத்திரண்டு வந்தது. தோல்வி.

“ஆறு சென்டிமீட்டரா? நீ அளந்தியா, குலுக்கல் சீட்டு எடுத்தியா?” என்றார் டாக்டர்.

அடுத்த தடவையும் நூற்றி முப்பத்திரண்டு. மறுபடியும் தோல்வி.

மூன்றாவது தேர்வுக்கு முந்தின நாள் விளக்குமாறு வந்தது. கல்லூரி முற்றம் குளமாகிவிட்டது. மித்வல்லி நனைந்த கோழி மாதிரி என் கடைக்குள் உட்கார்ந்திருந்தான். தேர்வு மேற்பார்வைக்கு வரும் உதவி ஆசிரியன் ஷாதியும் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, பிடிவாதம் பிடிக்காதீங்க. நூத்தி முப்பத்தெட்டுன்னு எழுதிட்டுப் போங்க. எல்லாரும் அப்படித்தான்” என்றான் அவன்.

“தப்பு பண்றவன் தினுசு தினுசா தப்பு பண்ணுவான் ஷாதி. ரெண்டு தடவையும் அதே தப்பு எப்படி வரும்?”

மனுஷன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். “விடுய்யா. வெளிய பாரு, எவ்வளவு தண்ணி! ஒரு சொட்டு உள்ள வருதா? நாலு போதும்னு நீ சொன்னே, நான்தான் ஆறு சென்டிமீட்டர் தூக்குன்னு அடம் பிடிச்சேன். உன் கைக்கு அல்லா ஆயுசைக் கொடுக்கட்டும்.”

மித்வல்லி டீக்கிளாசை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான்.

“எவ்வளவு தூக்கினேன்?”

“ஆறு.”

ஷாதிக்குப் புரை ஏறியது. நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். படித்தவனில்லை, எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் சிரித்தேன் பாருங்கள், டீ வடிகட்டி சாக்கடையில் விழுந்துவிட்டது. குமிழ் ஆறு சென்டிமீட்டர் மேலே ஏறி ஐந்து வருஷம். அதற்குள் ஆயிரத்து இருநூறு இன்ஜினியர்கள் ஏறாத குமிழை அளந்து முழு மார்க் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

“சரி, காரணம் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு ஆறைச் சேர்த்து எழுதிட்டு வாயை மூடிக்கிட்டு வா” என்றேன். “குமிழைத் தொட்டது நீன்னு தெரிஞ்சா உன்னைத் துரத்திடுவாங்க.”

அவன் கிளாசைக் கழுவி வைத்துவிட்டு மழையிலேயே போனான்.

மறுநாள் டாக்டர் வக்தி குடைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மித்வல்லி கருவியைத் தொடாமல் நேரே அவர் முன்னால் போய் நின்றான்.

“டாக்டர், இந்தக் குமிழை ஆறு சென்டிமீட்டர் தூக்கி வெச்சவன் நான்தான். இந்தக் கல்லூரியில சேர்றதுக்கு முன்னாடி.”

டாக்டர் கஷாயத்தைக் கீழே வைத்தார். என் படியைப் பார்த்தார். நான் அடுப்பில் வேகிற அவரையைப் பார்த்தேன். பிறகு அவர் கழுத்து மெதுவாக ஷாதி பக்கம் திரும்பியது.

“நீ எந்த வருஷம் முடிச்சே?”

“முந்தா வருஷம், டாக்டர்.”

“இந்தத் தேர்வுல என்ன மார்க்?”

“முழு மார்க்” என்றான் ஷாதி, தன் பூட்சைப் பார்த்துக்கொண்டு.

“விடை?”

“நூத்தி... நல்லா வெந்திருந்தது, டாக்டர்.”

டாக்டர் தேர்வுப் பதிவேட்டை மித்வல்லியிடம் நீட்டினார். “காரணத்தை எழுது. கையெழுத்துப் போடு.”

மித்வல்லி பேனாவை வாங்கினான். கை நின்றது. அவனுக்கு என்ன ஞாபகம் வந்தது என்று எனக்குத் தெரியும். ‘காரணம்: மேஸ்திரி தப்பு’ என்று எழுதினான். அதன் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டான். டாக்டர் அதன் பக்கத்தில் ‘சரிபார்த்தேன்’ என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். அந்தத் தாளில் யாரும் விதை மடிக்க முடியாது.

“அப்ப நூத்தி முப்பத்திரண்டு சரிதானே, டாக்டர்?”

“சரி. ஆனா விடை சீல் வெச்ச கவர்ல இருக்கு. அதுல நூத்தி முப்பத்தெட்டு. மாத்தணும்னா கமிட்டி கூடணும். கமிட்டி கூட கோடை வந்துடும்.”

“படியை மாத்தினா?”

டாக்டர் யோசித்தார். “படிக்குக் கமிட்டி கிடையாது.”

நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். யார் கேட்டார்கள்? மித்வல்லி தன் பையிலிருந்து சுத்தியலை எடுத்து, தான் இழைத்த பளிங்கைத் தானே உடைத்தான். நூலகக் குமிழிலிருந்து கருவி வைத்து மட்டம் கொண்டுவந்து, என் பழைய படியில் குமிழை நூற்றி முப்பத்தெட்டுக்கு இறக்கிப் பதித்தான். அதுதான் அவன் தேர்வு. டாக்டரே கட்டையைப் பிடித்துப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை.

தேறினான். இரண்டு வருஷத்தில் சான்றிதழும் வாங்கினான். வாங்கிய கையோடு கடைக்கு வந்து, “இப்பக் கூப்பிடு” என்றான்.

அன்று காலைதான் விளக்குமாறு என் சர்க்கரை மூட்டையை மூன்றாவது தடவையாகப் பெருக்கியிருந்தது. கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, “முதல்ல படியைத் தூக்கிக் கட்டு. அப்புறம் கூப்பிடறேன்” என்றேன்.

“கட்டலாம். வரைபடம் போடணும். கல்லூரிக்கு மனு கொடுக்கணும். அவங்க குமிழை வேற இடத்துக்கு மாத்தித் தரணும். கமிட்டி கூடணும்.”

“அடப்பாவி! படிக்குக் கமிட்டி கிடையாதுன்னு டாக்டரே சொன்னாரே!”

“அது மேஸ்திரிக்கு” என்றான். “இன்ஜினியருக்கு உண்டு.”