ஆம்பளை பின்னிய தொப்பி

சிகரெட்டை விடச் சொன்ன டாக்டர், விட்ட பிறகு விரல்களை என்ன செய்வது என்று சொல்லவில்லை. வாய்க்கு ஏலக்காய் போட்டுச் சமாளித்தேன். விரல்கள் அதற்கெல்லாம் மசியவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கு வேலை. வீடு திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில். போக வரப் பேருந்திலேயே பாதி ஆயுசு போகிறது. அந்த நேரத்துக்குத்தான் நூல் பின்னும் குரோஷா ஊசி பிடித்தேன். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கற்றுக்கொடுத்தாள். அவள் பேசியது பாதி புரியவில்லை, கை செய்தது புரிந்தது.

முறுக்கு மீசை, சட்டைப் பொத்தானைச் சோதிக்கும் தொந்தி, கையில் ரோஸ் நிற நூல். இந்த மூன்றும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருப்பதை நம் ஜனங்களால் பொறுத்துக்கொள்ள முடியாது. கல்லூரிப் பிள்ளைகள் வீடியோ எடுத்தார்கள். ஒருவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார், தொற்றிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ. இன்னொருவர் தாழ்ந்த குரலில், வேலை போயிருச்சா தம்பி என்று விசாரித்தார். முதலாளிக்கு இன்னும் தெரியவில்லை என்று சொல்லிவைத்தேன்.

ஆறுமுகநேரியில் இறங்கும் ஒரு அண்ணாச்சிதான் விடாக்கண்டர். தினமும் என் பக்கத்தில் இடம் பிடித்து, தினமும் முகம் சுளிப்பார். எங்கள் ஊர்க் கரையில் ஆம்பளைகள் காலை நீட்டி, கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் பின்னுகிறார்களே, அவர்களை யாரும் கேட்பதில்லையே என்று ஒருநாள் அவரிடம் என் கட்சியை எடுத்துவைத்தேன்.

“அது மீன் பிடிக்கும். இது என்னத்தப் பிடிக்கும்?” என்றார்.

எனக்குப் பதில் தோன்றியபோது அவர் இறங்கிப் போயிருந்தார். அப்படியொன்றும் நல்ல பதில் இல்லை என்பதால் இங்கே எழுதவில்லை.

இந்த நிலையில்தான் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தகப்பன். எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு அன்று போடும் வெள்ளை உடுப்பும் தொப்பியும் ஞானத்தகப்பன் கொண்டுவர வேண்டும். உடுப்பைக் கடையில் எடுத்துவிட்டேன். தொப்பி என் கையால் என்று எல்லார் முன்னாலும் அறிவித்தேன். மச்சான் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். தங்கச்சி சிரிக்கவில்லை.

“பின்னு, வேண்டாங்கல. ஆனா கோணலா கொண்டாந்தேன்னா என் பிள்ளை தலைல ஏத்த மாட்டேன். ஊர் முன்னாடி வச்சே சொல்லுவேன், பாத்துக்கோ.”

அவள் சொன்னால் செய்வாள்.

வெள்ளை நூல் வாங்கிப் பின்ன ஆரம்பித்தேன். தொப்பி வேகமாக வளர்ந்தது, ஆனால் விறைப்பாக நின்றது. மேசையில் கவிழ்த்தால் கொட்டாங்குச்சி. காரணம் கொஞ்ச நாளில் தெரிந்தது. சின்ன வயதில் அப்பாவோடு உட்கார்ந்து வலை பின்னிய கை இது. வலையில் ஒவ்வொரு கண்ணியையும் முடிச்சுப் போட்டு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் இழுத்துக்கொண்டு போய்விடும். தொப்பியில் கண்ணி சும்மா கோத்து நிற்க வேண்டும், அப்போதுதான் இழுத்தால் இழுபடும். என் கை என்னைக் கேட்காமலே ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு முடிச்சைப் போட்டிருந்தது. அந்த வெள்ளைக்காரி முடிச்சுப் போடாதே என்று எங்கேயும் சொல்லவில்லை. இப்படியொரு ஆள் பார்ப்பான் என்று அவள் கனவா கண்டாள்?

பிரிக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பேருந்தில் கடைசி வரிசையை முடித்தேன். விடிந்தால் ஞானஸ்நானம். தலையில் ஏறுமா என்று பார்க்க ஒரு தலை வேண்டும். எதிர் சீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். ஏறியதிலிருந்து என் ஊசியை, சாராய பாட்டிலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, பிள்ளை தலையக் கொஞ்சம் தாரியாம்மா?” என்றேன்.

பேருந்து முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் அவசரமாக விளக்கம் சொன்னேன். அண்ணாச்சி, பிள்ளைய வலை போட்டுப் பிடிக்கப் பாக்கான் என்று பின் சீட்டுக்கு அறிவித்தார். ஆனாலும் ஞானஸ்நானம் என்ற சொல்லுக்கு மரியாதை இருந்தது. அவள் வேண்டா வெறுப்பாகக் குழந்தையை நீட்டினாள். தொப்பி கச்சிதமாக, காது மூட இறங்கியது. குழந்தை தூக்கத்திலேயே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கழற்றப் பார்த்தேன். வரவில்லை. முடிச்சுகள் இம்மியும் நெகிழவில்லை. இன்னொரு தடவை இழுத்ததும் குழந்தை வீறிட்டது. அவள் நிறுத்தம் வந்து, கண்டக்டர் விசில் ஊதினார்.

“விடுங்கண்ணே, வீட்டுல போயி எண்ணெய் போட்டுக் கழட்டிக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள், இறுகிப்போன வளையலைப் பற்றிச் சொல்வதுபோல.

“ஏலே, பிடிச்சிருச்சுலா” என்றார் அண்ணாச்சி. முதல் முறையாக அவர் என் தொழிலைப் பாராட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், ஆம்பளைகள் பக்கம் நடு வரிசையில் உட்கார்ந்து, ராத்திரி தொடங்கிய இரண்டாவது தொப்பியைப் பின்னிக்கொண்டிருந்தேன். நூல்கண்டு சட்டைப் பையில். முடிச்சுப் போடத் துடித்த வலது கையை இடது கை கண்காணித்தது. பின் வரிசைப் பெரியவர், கோயில்லயா இந்தக் கூத்து என்று என் பிடரியில் சொன்னார். பெண்கள் பக்கத்தில் ஜெபப் புத்தகங்களுக்கு மேலே கண்கள் தெரிந்தன. தங்கச்சி ஒரு தடவைதான் திரும்பினாள். அந்த ஒன்றே போதும். சாமியாரின் பிரசங்கம் இன்னும் நீள வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக உருகி ஜெபித்தேன். ஆண்டவர் கேட்டார். சாமியார், இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானாவூர்க் கல்யாணத்திலிருந்து ஊர்க் குடிதண்ணீர்ப் பிரச்சினைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பின் வரிசைப் பெரியவரே குனிந்து, இன்னும் எம்புட்டு கெடக்கு என்று கேட்டார். ஒரு சுற்று என்றேன். சாமி நிப்பாட்டப் போறாரு, வெரசா போடு என்றார்.

கடைசிக் கண்ணி விழவும் ஞானத்தகப்பனைக் கூப்பிடவும் சரியாக இருந்தது. நூலை வெட்ட நேரமில்லை. சாமியார் தண்ணீர் ஊற்றித் தைலம் பூசினார். வெள்ளை உடுப்பு வந்தது. தங்கச்சி தொப்பியை வாங்கி, திருப்பி, உள்ளே விரலை விட்டு இழுத்துப் பார்த்தாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு குழந்தையின் தலையில் அதை வைத்தாள். லேசாக இழுபட்டு, அடங்கி உட்கார்ந்தது.

அடுத்து, எரியும் மெழுகுவர்த்தியை ஞானத்தகப்பன் கையில் கொடுப்பார்கள். கொடுத்தார்கள். குழந்தையின் தலையிலிருந்து என் சட்டைப் பைக்கு ஒரு வெள்ளை நூல் ஓடுவதை நான் மறந்திருந்தேன். மெழுகுவர்த்தி மறக்கவில்லை. சுர்ரென்று ஒரு பொறி, கருகல் வாடை, நூல் இரண்டாகி விழுந்தது. தங்கச்சி தொப்பிப் பக்கத்து நுனியை எச்சில் விரலால் நசுக்கி அணைத்தாள். சாமியார் ஒன்றும் பார்க்காதவர்போல ஜெபத்தைத் தொடர்ந்தார்.

“தொப்பி நல்லாத்தான் இருக்கு,” என்றாள் அவள், உதடு அசையாமல். “நூலை வெட்ட கத்திரி கேட்டிருக்கலாம்லா, பிள்ளையவா கொளுத்துவ?”