மேட்டிலிருந்து தள்ளிய டிராக்டர்

ஒரகடத்தில் பழைய டிராக்டர் ஒன்றை விலைபேசி முடித்தேன். மெக்கானிக் அதன் இறுகிய இன்ஜினுக்குள் டீசல் ஊற்றினார். அந்த வாடையில் அம்மா நினைவுக்கு வந்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கம்பெனி கட்டுவதற்குத் தரிசாகக் கிடக்கும் நிலங்களை மட்டும் எடுப்பார்கள், அளக்க ஆட்கள் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் நிலமும் உழாமல் கிடந்தது. அம்மா ஓடாத டிராக்டர் ஒன்றை வாங்கி, இன்ஜினை மூன்று நாள் டீசலில் ஊறவைத்தார். பேட்டரி இல்லாததால், சரிவில் தள்ளிக் கிளப்பலாமென்று ஏரிக்கரை மேட்டுக்குக் கயிறு கட்டி இழுத்துப்போய் நிறுத்தினார்.

"ஊரே விக்குது. உனக்கு இன்னாத்துக்கும்மா இந்த ஓட்ட வண்டி?" என்றார் மாமா.

"பேசிக்கினே நிக்காதண்ணா. பின்னாடி புடிச்சித் தள்ளு."

சரிவில் உருண்டு, கரும்புகை கக்கி வண்டி கிளம்பியது. அளக்க வந்தவர்கள் கண்ணெதிரே அம்மா முழு நிலத்தையும் உழுதார். அவர்கள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

"சுத்தியும் கம்பெனிதான் கீது. எங்க சார் ஓட்டுவீங்க?" என்றார் மெக்கானிக், இன்ஜினிலிருந்து நிமிர்ந்து.

"நடுவுல எங்க நெலம் கீது," என்றேன்.