கமலாக்காவின் மகள் படித்த மாஸ்டர்ஸ்

கனடாவில், மில்லிக்கனில் எங்கள் பக்கத்து வீட்டுக் கமலாக்கா சொன்னார்: “என்ர பிள்ளை அமெரிக்காவில ஒரு யூனிவர்சிட்டியில மாஸ்டர்ஸ் செய்துதான், அங்கயே டொக்டருக்குப் படிக்கிறாள். உம்மட மகளையும் அனுப்பும்.”

மருத்துவத்துக்கு இடம் கிடைக்காதிருந்த என் மகள் அதை நம்பிப் போய், நல்ல புள்ளிகளுடன் முடித்தாள். தங்கள் மருத்துவக் கல்லூரி கனடியர்களை எடுப்பதில்லை என்று அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் சொன்னார்கள்.

கமலாக்காவின் மகளை அழைத்தேன்.

“அன்ரி, எனக்கும் அதேதான் நடந்தது. நான் இப்ப பாங்க்கில வேலை செய்யிறன். அம்மா சொல்லேல்லையோ?”

கமலாக்காவிடமே கேட்டேன். “சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது?” என்றார்.

என்னையும் அந்தச் சனத்தில் ஒருத்தியாகத்தான் வைத்திருந்திருக்கிறார்.

இப்போது எந்தப் படிப்பென்றாலும் பெற்றோரை விட்டுவிட்டு, படித்த பிள்ளையிடமே விசாரிக்கிறேன். அவசரத்துக்கென்று என்னிடம் இருந்த கமலாக்காவின் வீட்டுச் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.