நார்மன் வீட்டில் எப்போதும் மழை

"நம்ம ஊர்ல இன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் தூறல்தான். ராத்திரி காத்து வேற அடிக்குமாம்," என்று அறிவித்துவிட்டு, கழுத்து வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொள்கிறார் நார்மன் ஆக்லம். வெளியே அலிகாந்தே வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருக்கிறது. நம்ம ஊர் என்று அவர் சொல்வது வட இங்கிலாந்துக் கடற்கரையில் உள்ள கிரிம்ஸ்பி. அரசாங்கக் கணக்குப்படி அவர் வாழ்வது அங்கேதான். உடம்பு மட்டும் பதினோரு வருடமாக ஸ்பெயினில், என் பக்கத்து வீட்டில் இருந்து வருகிறது.

தினமும் காலையில் கிரிம்ஸ்பியின் வானிலையை அவர் மனப்பாடம் செய்துவிடுவார். லண்டன் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தைக்கூட அதற்கப்புறம்தான் திருப்புவார். பென்ஷன் ஆபீசிலிருந்து போன் வந்தால் பேச்சுவாக்கில் மழையைத் திட்ட வேண்டுமே! வானிலையைக் குறை சொல்லாமல் ஓர் இங்கிலாந்துக்காரர் போனை வைத்தால் மறுமுனையில் இருப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

இத்தனை நாடகமும் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் இங்கிலாந்து நாட்டு பென்ஷன், வாங்குபவர் ஸ்பெயினில் குடியேறினாலும் பின்னாலேயே வரும். வருடா வருடம் ஏறவும் ஏறும். முறையாக எழுதிக் கொடுத்தால் இங்கே ஆஸ்பத்திரிச் செலவையும் அவர்களே ஏற்றுக்கொள்வார்கள். நான் வந்த மாதமே எழுதிப் போட்டுவிட்டேன். அதனால்தான் என்னைப் பற்றி யாரும் சொற்சித்திரம் எழுதுவதில்லை. ஆனால் பென்ஷனுக்கு மேலே, வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு கொடுக்கும் ஓர் உதவித்தொகை உண்டு. சில வாரங்களுக்கு மேல் நாட்டை விட்டுப் போனால் அது நின்றுவிடும். நார்மன் வாங்கும் அந்தத் தொகை, பெபாவின் சாப்பாட்டுக் கடையில் வாரம் இரண்டு தடவை வறுத்த மீன் சாப்பிடச் சரியாக இருக்கும். அதற்காக மனிதர் சூரியனையே துறந்துவிட்டார்.

துறந்தது சாதாரணமாக அல்ல. கிரிம்ஸ்பி மீன் துறையில், குளிர்கிடங்கில் வேலை பார்த்தவர். கையுறைக்குள் விரல் மரத்துப்போகும்போதெல்லாம், ரிட்டயர் ஆனதும் வெயிலில் போய்ப் படுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வாராம். படுக்கத்தான் வந்தார். வந்த பிறகு யோசனை வேறு மாதிரி ஓடிவிட்டது.

"மூஞ்சி கறுத்துச்சுன்னா தீந்தோம். நேர்ல வான்னு கூப்பிட்டா எந்த மூஞ்சியோட போறது?" என்பார்.

ஆகவே ஆகஸ்ட் மாதத்திலும் முழுக்கைச் சட்டை, காதை மூடும் தொப்பி. மூக்கில் சுண்ணாம்பு அடித்தது மாதிரி களிம்பு. பெபாவின் கடையில் எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் உள்ளே கழிவறைக் கதவை ஒட்டிய மேசையில் இருப்பார். பெபா அவருக்குப் பால்கட்டி என்று பெயர் வைத்துவிட்டாள். "பால்கட்டிக்கு ஒரு காபி குடு, வெளிய எடுத்துட்டு வந்துடாத, உருகிடும்," என்று உள்ளே பார்த்துக் கத்துவாள். நார்மனுக்கு ஸ்பானிஷ் தெரியாது. மரியாதையாகத் தலையாட்டுவார்.

தபால் பெட்டியில் அவர் பெயர் கிடையாது. வீட்டை விற்றுவிட்டுப் போன ஜெர்மானியர் லூட்கேயின் பெயர்தான் இன்னும் இருக்கிறது. மின்சார இணைப்பும் லூட்கே பெயரில்தான். தபால்காரர் "வணக்கம் லூட்கே" என்றால் இவரும் வணக்கம் வைப்பார். இங்கிலாந்திலிருந்து வரும் கடிதங்களை அவருடைய அக்கா ஐவி தேயிலைப் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்புகிறாள். ஐவி வீட்டு மாடியறையில் நார்மனுடைய செருப்பு ஒரு ஜோடி உண்டு. அவ்வப்போது அதை இடம் மாற்றி வைக்க வேண்டும் என்பது அவளுக்கு இட்ட உத்தரவு. யாராவது வந்து பார்த்தால் ஆள் நடமாடுவதாகத் தெரிய வேண்டுமாம்.

எல்லாவற்றுக்கும் சிகரம் அந்த மழைதான். ஐவி தன் சமையலறை ஜன்னலோரம் வைத்து ஒலிநாடாவில் பதிந்து அனுப்பிய சுத்தமான கிரிம்ஸ்பி மழை. இங்கிலாந்து எண்ணுள்ள கைபேசிக்கு ஆபீஸ் போன் வந்தால் ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டு, மழையைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் "ஹலோ". பதிவின் நடுவில் ஐவி ஒரு தும்மல் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஆபீஸ் பெண்கள் "உடம்பப் பாத்துக்குங்க, மிஸ்டர் ஆக்லம்" என்று உருகுவார்கள்.

ஒரே ஒரு தடவை ஆபத்து வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது முலாம்பழ வண்டி தெருவில் நுழைந்து ஒலிபெருக்கியில் ஸ்பானிஷில் கூவத் தொடங்கிவிட்டது. அந்தப் பெண் கேட்டாள், என்ன சத்தம் என்று. "பக்கத்து வீட்டுக் கெழவிக்குக் காது கேக்காது, டி.வி.யை அலறவிடுறா," என்றார் நார்மன். பக்கத்து வீட்டுக் கிழவி நான்தான்.

அவர் மனைவி பெரில் நேர்மாறு. கறுத்து மின்னுகிற தோள். கடைத்தெருப் பெண்களோடு சண்டை போடுகிற அளவுக்கு ஸ்பானிஷ். ஊர்த் திருவிழாவில் வருடம் தவறாமல் ஆட்டம். காலையில் நகராட்சி நீச்சல் குளம். உள்ளூர் முதியவர்களுக்கு அங்கே இலவசம், ஆனால் நகராட்சியில் குடியிருப்பவராகப் பெயர் பதிய வேண்டும். அவள் வந்த புதிதில் நான்தான் கூட்டிப்போனேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று குமாஸ்தா கேட்டார். "எங்க வீட்டுக்காரர்," என்றாள் பெரில், வாய் தவறித்தான். அவர் அதையும் பதிந்துகொண்டார். இந்தச் சங்கதியை நார்மனிடம் சொல்லி அவர் ரத்த அழுத்தத்தை ஏற்றுவானேன் என்று நாங்கள் இருவரும் குளத்தில் மிதந்தபடி முடிவு செய்தோம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு முன்னால், எங்கள் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுகிறேன் என்று குறுக்கே வந்து நின்றது. இங்கே குடியிருப்பவர்கள் உடனே பதிந்துகொள்ளுங்கள் என்று வானொலியில் சொன்னார்கள், பெபா கடைச் சுவரிலும் ஒட்டினார்கள். நாங்களெல்லாம் வரிசையில் நின்றோம். நார்மன் மட்டும் சிரித்தார். "நாமதான் இங்க இல்லவே இல்லையே, நமக்கென்ன?"

போன வசந்தத்தில் ஐவியைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது விமான நிலையத்தில் இருவர் கடவுச்சீட்டிலும் முத்திரை விழுந்தது. விருந்தாளி, தொண்ணூறு நாள். அதற்கப்புறம் கிளம்பியாக வேண்டும், மூன்று மாதத்துக்குத் திரும்பி வரவும் கூடாது.

"கெளம்பிட்டுத் திரும்ப வருவோம்," என்றார் நார்மன்.

"மூணு மாசம் கழிச்சா? ஐவியோட மாடி ரூம்லயா? அந்தச் செருப்பு பக்கத்துலயா?" பெரில் கத்தவில்லை. "நான் வரல, நார்மன். உனக்கு வேணும்னா போ. இது என் வீடு."

அவள் அப்படிச் சொன்னதும் அவர் முகம் இன்னும் வெளுத்தது. அதற்கு மேல் வெளுக்க இடம் இருந்தது எனக்கே ஆச்சரியம்தான்.

அரசாங்கக் காகித வேலைகளைக் கூலிக்குச் செய்து தருகிற, இங்கிலீஷ் தெரிந்த சால்வதோரிடம் போனோம். வெளியேறும் தேதிக்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் கொடுத்தால் இப்போதும் இருக்க விடுவார்கள், வீட்டுப் பத்திரம் மட்டும் போதாது என்றார் அவர்.

"கரண்டு பில்லு இருக்கா, தோன் நார்மன்?" என்று ஸ்பானிஷ் மரியாதையோடு கேட்டார்.

"லூட்கே பேர்ல இருக்கு."

"லெட்டர் ஏதாவது வந்திருக்கா?"

"லூட்கேக்கு வரும்."

"சாட்சி சொல்ல யாராச்சும்?"

பெபாவிடம் கேட்டோம். "இருட்டுல குந்தியிருக்கிற ஆளு யாருன்னு நான் எப்படிச் சத்தியம் பண்ணுவேன்? தொப்பியத் தூக்கி ஒரு நாளாவது மூஞ்சியக் காட்டியிருக்காரா?" என்றாள்.

இங்கே இல்லை என்று காட்ட ஒரு மனிதர் பதினோரு வருடம் பாடுபட்டிருக்கிறார். அந்தப் பாடு வீண் போகவில்லை. கடைசியில் பெரில்தான் நீச்சல் குளத்துக் கதையை அவிழ்த்தாள். நகராட்சிப் பதிவில் கணவன் மனைவி இருவர் பெயரும் முதல் வருடத்திலிருந்தே இருக்கிறது என்று சொன்னதும் நார்மன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப பதினோரு வருஷமா நான் இங்கதான் இருந்திருக்கனா?" என்று கேட்டார். சால்வதோர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறோம் என்று இங்கிலாந்து பென்ஷன் ஆபீஸ் ஒரு தாள் அனுப்ப வேண்டும். அதற்கு நார்மனே போன் செய்து, ஸ்பெயினில் இருக்கிறேன், இத்தனை வருடமாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். "ரெண்டு ஊர்த் தேதியும் ஒத்துப்போகணும், தோன் நார்மன். அவங்ககிட்ட ஒண்ணு, எங்ககிட்ட ஒண்ணுன்னா ரெண்டும் போயிடும்," என்றார் சால்வதோர்.

நாள்கள் கரைந்தன. நார்மனுக்குத் தினமும் ஒரு காரணம் இருந்தது. கெடு முடிய ஒரு வாரம் இருந்தபோது பெரில் என்னைக் கூப்பிட்டுக் கூடத்தில் உட்காரவைத்தாள். ஜன்னல் மறைப்புகள் இறங்கியிருந்தன. ஒலிநாடாப் பெட்டி பக்கத்திலேயே தயாராக இருந்தது. தொப்பியோடு உட்கார்ந்திருந்தார் நார்மன்.

"நேத்துதான் வந்தோம்னு சொல்லிட்டா என்ன?"

"நேத்தா?" பெரில் அவர் எதிரில் வந்து நின்றாள். "திருவிழாவுல நான் ஆடுனது நேத்தா? போன வருஷம் செத்துப்போனாளே என்கார்னா, அவ தலைமாட்டுல ராவெல்லாம் உக்காந்திருந்தேனே, அதுவும் நேத்தா? நேத்து வந்தவளா நான்?"

"குடுத்ததெல்லாம் திருப்பிக் கேப்பாங்க, பெரில். ஜெயில்னாலும் ஜெயில்தான்."

"கேட்டா கட்டுவோம். மீன் தின்னாம இருக்க எனக்குத் தெரியும்."

அவர் தொப்பி விளிம்பைத் திருகிக்கொண்டே இருந்தார். அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு அவர் கதை முழுவதும் வேடிக்கைதான். அந்த விரல்களைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. இத்தனை வருடமும் திருடியதில் ஒரு நாள்கூட அந்த மனிதர் சந்தோஷமாக இருந்ததில்லையே என்று தோன்றியது.

எண்களைத் தட்டினார். நெடுநேரம் ஏதோ பியானோ ஓடிய பிறகு ஒரு பெண் குரல் வந்தது. காது மந்தம் என்பதால் நார்மன் எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார். குரல் கேட்ட மாத்திரத்தில் அவர் கை தன்னால் போய் ஒலிநாடாப் பெட்டியின் பொத்தானை அழுத்திவிட்டது. கூடத்தில் மழை கொட்டியது. பெரில் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பெயர், பிறந்த தேதி எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் ஐவி தும்மினாள்.

"உடம்பப் பாத்துக்குங்க சார்," என்றது குரல். "அங்க மழையா பெய்யுது?"

"ஆமாங்க. ரெண்டு நாளா ஊத்துது."

"அதிசயமா இருக்கே. எங்க பாட்டி வீடு கிரிம்ஸ்பிதான். இப்பத்தான் பேசினேன். நாடே வெந்துக்கிட்டிருக்கு, ரோடெல்லாம் உருகுதுங்கறாங்க. உங்க தெருவுல மட்டுமா மழை?"

நார்மன் எங்களைப் பார்த்தார். பதற்றத்தில் அன்றைக்கு வானிலை பார்க்க மறந்திருந்தார்.

"மிஸ்டர் ஆக்லம்? லைன்ல இருக்கீங்களா?" குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை, கேள்வி மட்டும்தான் இருந்தது. "இப்ப நீங்க எங்கேர்ந்து சார் பேசறீங்க?"

வாயைத் திறந்தார். கிரிம்ஸ்பி என்று சொல்லவும் முடியவில்லை, ஸ்பெயின் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. மழை மட்டும் விடாமல் பெய்தது. பெரில் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தெருமுனையில் முலாம்பழ வண்டி திரும்பிய சத்தம் கேட்டது. "முலாம்பழம், தர்பூசணி, அம்மா, சக்கரைக் கட்டி! வாங்கம்மா வாங்க!"

நார்மன் எழுந்தார். மழையை நிறுத்தினார். ஜன்னல் மறைப்பைக் கயிறு பிடித்து உச்சிவரைக்கும் ஏற்றிவிட்டு, தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டு, உச்சி வெயிலில் பால்கனிக்குப் போனார். முழுக்கைச் சட்டையின் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, அந்த வெள்ளைக் கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, போனை முலாம்பழ வண்டியை நோக்கிப் பிடித்தார்.