வெளிப்பக்கம் நின்ற பாதி

“…பின்ன, அந்த வெளிய போன பாதி எங்க போய்க் கிடக்கும் பிள்ளே?” என்று கேட்டாள் அம்மா. மைக்ராஸ்கோப்பிலிருந்து அவள் இன்னும் கண்ணை எடுக்கவில்லை. ஒரு புழுவின் முட்டையைப் பற்றித்தான் கேட்டாள். குரலோ, பிள்ளையைச் சந்தையில் தொலைத்தவளின் குரலாக இருந்தது.

நாங்கள் அங்கே போனது புழு பார்க்க அல்ல, பெண் பார்க்க. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு நாசூக்கு உண்டு. நேராக வீட்டுக்குப் போய்ப் பலகாரம் தின்றுவிட்டு வேண்டாம் என்று சொன்னால் பெண்ணுக்குக் குறைச்சல். அதனால் முதலில் கோயில் கொடை விழாவிலோ துணிக்கடையிலோ ‘தற்செயலாக’ எதிரே போய் நிற்போம். தற்செயல் என்று இரண்டு பக்கமும் நடிப்போம். எங்கள் ஜில்லா தமிழ்நாட்டோடு சேராத காலம் அது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் அந்தப் பெண் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஊரார் பார்க்கக் கண்காட்சி வைத்திருந்தார்கள். மார்த்தாண்டத்தில் என் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு அம்மாவை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளை என் தம்பி. பேச்சிப்பாறை அணையில் குமஸ்தா. பெண்ணின் அண்ணனோடு படித்தவன். கட்டினால் இவளைத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான். அம்மா மறுத்ததற்கு ஒரே காரணம், பெண்ணின் தாய் பிறவி ஊமை.

“பொண்ணு தங்கம்தான் மக்கா, நான் இல்லேங்கல்ல. ஆனா அந்த வயித்துல வாற பிள்ளை என்னை ஆச்சின்னு விளிக்குமா? அதைச் சொல்லு நீ” என்பாள். பஸ்ஸிலும் அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தாள். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தாள்.

அந்தப் பெண் எங்களைக் கண்டதுமே யாரென்று அறிந்துகொண்டாள். மைக்ராஸ்கோப்பை அம்மா பக்கம் திருப்பி வைத்தாள்.

“வாருங்க மாமி. இது குதிரைக்குக் குடல்ல கிடக்குற புழுவுக்க முட்டை. சீமையில இருந்து வந்தது.”

“குதிரைப் புழுவைப் பாக்கவா கொண்டாந்தே ஏலே?” என்று என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, அம்மா குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

வட்ட வெளிச்சத்துக்குள் கறுப்பாகச் சில நூல்துண்டுகள். குரோமோசோம் என்றாள் பெண். அம்மா கடைசிவரை நூல் என்றே சொன்னாள். தாய்வழியும் தகப்பன்வழியும் வந்த சங்கதி எல்லாம் அந்த நூலில்தான் இருக்கிறதாம். முட்டைக்குள் அவை ஜோடி ஜோடியாக நடுவில் வரிசை கட்டி நிற்குமாம். பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்லிய இழைகள் பிடித்து இழுக்க, ஜோடி பிரிந்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போகுமாம்.

“வீட்டுல ரெண்டு பெண்மக்களுக்குப் பாகம் வைக்குறது போலத்தான் மாமி. நூல்ல ரெண்டு பேருக்கும் சமபாகம். ஆனா வீடும் நெல்லும் எல்லாம் உள்ள நிக்குறவளுக்கு. மத்தவளை அவளுக்க பங்கோட வாசலுக்கு வெளிய தள்ளிரும். ஓரத்துல சின்னப் பொட்டு ஒண்ணு தெரியுதா? அதுதான்.”

“ஆரு தீர்மானிக்குது, எவ போகணும்னு?”

“ஒருத்தரும் இல்ல. இழுக்குற நேரத்துல எது வெளிப்பக்கம் நிக்குதோ, அது போவும். மனுச முட்டையிலயும் இப்பிடித்தான்.”

அப்போதுதான் அம்மா, வெளியே போன பாதி எங்கே கிடக்கும் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டாள். அதற்குப் பெண் சொன்னாள்: “அதுக்குப் பிழைக்க ஒண்ணும் இல்லையே மாமி. ஓரமாக் கிடந்து அழிஞ்சு போவும்.”

அம்மா நிமிர்ந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

அவள் எதை நினைத்து வெளிறினாள் என்று பெண் தன் கணக்கில் புரிந்துகொண்டாள். “நீங்க கேக்க வந்ததை நானே சொல்லுதேன். எனக்க அம்மைக்க ஊமை எனக்குள்ளயும் ஒளிஞ்சு கிடக்கலாம். எனக்குப் பிறக்குற பிள்ளைக்குப் போலாம், வெளிய போன பாதியோட தொலைஞ்சும் போலாம். பொய் சொல்ல மாட்டேன். ஆனா பல வீட்டுல அது தாய்வழி, தகப்பன்வழி ரெண்டுலயும் இருந்தாத்தான் வெளிய தெரியும். மாப்பிள்ளை வீட்டுல அப்பிடி ஆருமில்லையே மாமி?”

“இல்ல” என்று நான்தான் சொன்னேன். சட்டென்று, பெருமையாக.

“நீ வாயை மூடு” என்றாள் அம்மா. பிறகு பெண்ணைப் பார்த்து, “இருக்கா” என்றாள்.

தலையில் தேங்காய் விழுந்தவன்போல நின்றேன்.

“சிதறால்ல மாமன் வீட்டு மாட்டுத் தொழுத்துல சாணி அள்ளுதாளே, அவ வேலைக்காரி இல்ல மக்கா. எனக்கு மூத்தவ. பேச்சு வரல்ல. என்னைப் பெண் பாக்க வந்த அன்னைக்கு அவளைத் தொழுத்துல கொண்டுபோய் நிறுத்தினாரு எனக்க அப்பா. ஊமைக்கு இளையவளை எவன் கட்டுவான்? கல்யாணம் முடிஞ்சதும் உள்ள கூப்பிடலாம்னாரு. ஆரும் கூப்பிடல்ல.”

சின்ன வயதில் ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். அந்தப் பொம்பளை எனக்கு நுங்கு சீவித் தந்திருக்கிறாள். என் பெரியம்மா! நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. என் அப்பா செத்தது இது தெரியாமல்தான்.

“எனக்க மகனுக்குள்ளயும் அந்த நூல் இருக்கலாம். இனி வேணுமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும் பிள்ளே” என்றாள் அம்மா.

வேண்டாம் சொல்ல வந்தவள் சம்மதம் கேட்டு நிற்கிறாள்! பெண்ணும் ஆடித்தான் போனாள். மேஜைத் துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“ஒங்க அக்கா கையால பேசுவாங்களா மாமி?”

“ஆரு பேசினா அவகிட்ட?” என்றாள் அம்மா. பிறகு தணிந்த குரலில், “ஒனக்க அம்மை, கூடப்பிறந்த அக்காவை எப்பிடி விளிப்பா?”

பெண் தன் நெஞ்சைத் தொட்டு, அதே கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். எனக்கு மூத்தவ. “நாளைக்கு லீவுதான். நானும் வாறேன். அவியளைப் பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றாள்.

அம்மா நாளை வரைக்கும் இருக்கவில்லை. மார்த்தாண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவள், வீட்டுக்குத் திரும்பும் முக்கைத் தாண்டி, சிதறால் ரோட்டில் வேகமாக நடந்தாள். நெஞ்சைத் தொட்டுக் கையை உயர்த்தி, நெஞ்சைத் தொட்டுக் கையை உயர்த்தி.