நாக்கடியில் கரையும்வரை

காத்திருக்கச் சொல்லியே பிழைப்பு நடத்தும் சகோதரர்களே, மாத்திரை கொடுப்பது எங்கள் தொழிலில் நொடி வேலை. அது கரையும்வரை எதிரே உட்கார்ந்திருப்பதற்குத்தான் சம்பளம்.

வாயை மூடினால் கதை

கன்னட நாட்டுத் தலைநகரில், தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்தில் இருந்தது எங்கள் சிகிச்சை மையம். போதை ஊசிக்குப் பழகியவர்களுக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. விழுங்கினால் வீண். நாக்கடியில் வைத்து, பேசாமல், கரையும்வரை உட்கார வேண்டும். அப்புறம் ஊசியைத் தேடாமல் வேலைக்குப் போய்விடலாம்.

யாரும் துப்பி எடுத்துப்போகாமல் பார்த்துக்கொள்ள என்னைப் போட்டார்கள். எனக்கோ அதட்ட வராது. நான் பேசினாலே "என்ன?" என்று குனிந்து கேட்பார்கள். ஆகவே, சின்ன வயதில் வீட்டில் கேட்ட கதைகளைச் சொல்ல ஆரம்பித்தேன். வாயைத் திறக்க முடியாத கூட்டம். குறுக்குக் கேள்வி கிடையாது. மாத்திரை கரைந்ததும் கதையை நிறுத்திவிடுவேன். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் மணி ஒருநாள் எழுந்து நின்று முறைத்தார்.

"அரண்மனைக்குள்ள திருடன் மாட்டிக்கினான்னு நிறுத்திட்ட. நாளைக்கு வராம எப்படிப்பா இருக்கிறது?"

சந்து முனை

அந்தச் சமயம் பார்த்து எங்கள் சந்து முனைக்கு ஒரு புதுக் கான்ஸ்டபிள் வந்தார். வருகிறவர்களின் சட்டைக்கையை மடித்துப் பார்ப்பார். ஊசித் தழும்பு தெரிந்தால் ஸ்டேஷன். மணியும் ஒருநாள் சிக்கினார். மாத்திரை போயிற்று, ஷிப்ட் போயிற்று. இன்னொரு நாள் வராவிட்டால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். வேலை போனால் மறுபடி ஊசிதான் என்பது மணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாள் மையம் திறக்கும் முன்பே வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஸ்டேஷன்ல சாயந்திரமே போன்னுட்டாங்க தம்பி. ராத்திரி பூரா ஒடம்புதான் என்னை வுடல."

உட்காருங்க சார்

அடுத்த வாரம் கான்ஸ்டபிள் மணியின் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார். மணி அப்போதுதான் மாத்திரையை நாக்கடியில் வைத்திருந்தார். கான்ஸ்டபிள் "ஹெசரேனு?" என்று கன்னடத்தில் பெயரைக் கேட்டார். பதில் இல்லை. தமிழில் கேட்டார். பதில் இல்லை. திமிர் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்தார். மணி கண்ணை மூடிக்கொண்டாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

எழுந்தேன். அப்போதும் குரல் உயரவில்லை. அவர் வாயில் மருந்து இருக்கிறது, கரைந்ததும் பதில் சொல்வார், அதுவரை உட்காருங்க சார் என்றேன். காதில் விழாமல் குனிந்தார். திரும்பச் சொன்னேன். என்ன தோன்றியதோ, சட்டையை விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நான் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தேன். திருடன் ராஜாவின் கட்டிலுக்கு அடியில் நுழைந்தான். ராஜா கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

மாத்திரை கரைந்தது. மணி தன் பெயரையும் கம்பெனி பெயரையும் நிதானமாகச் சொன்னார். கான்ஸ்டபிள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. திருடன் என்ன ஆனான் என்று என்னைக் கேட்டார். பதில் சொன்னது மணி.

"மீதி நாளைக்குத்தான் சார். எனக்கு பஸ் போயிடும். நீங்களும் காலைல வந்துடுங்க."

வந்தார், சந்து முனை காலியானது, மணியின் வேலை நிலைத்தது, மாத்திரையே வாங்காமல் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தவர் என்ற பெருமை எங்கள் மையத்தில் இன்றுவரை அந்தக் கான்ஸ்டபிளுக்கு மட்டும்தான்.